ஈரப் பெயிண்டில் நாலு கை

நடந்தது இது. சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். என் மேஜை டிராயரில் இரண்டு டிரேசிங் பேப்பர்களை மடித்து வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் கடைக்கு வந்து பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை... சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

பேய் என்றதும் நடுராத்திரி, ஊளையிடும் நாய் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நான் பார்த்தபோது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் பெயிண்டர். முன்பு கடைப் பலகைகள் எழுதினேன். இப்போது பழைய ரேடியோ பெட்டி, பழைய விளையாட்டு மெஷின் போன்றவற்றுக்குப் புது உயிர் கொடுக்கிறேன். என் தங்கையின் கணவர் எலெக்ட்ரீஷியன். நான் அவரை மாப்ளே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்து கடை போட்டோம். முன் அறை அவருக்கு, பின் அறை எனக்கு, நடுவில் ஒரு கதவு. பின்பக்கம் ஒரு சின்ன முற்றம், அதில் ஒரு குழாய்.

கடை திறந்த அன்று தங்கை சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டா நடுவுல கிடந்து சாகப்போறது நான்தான். பார்த்துக்கோங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி. பென்சிலைக் காணோம் என்றால் முதலில் மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்ப்பேன். அது என் காதிலேயே சொருகியிருக்கும்.

அந்த வாரம் வந்தது ஒரு பின்பால் மெஷின். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கால் வைத்த நீளமான மரப்பெட்டி. மேலே கண்ணாடி, அதற்கடியில் இரும்புக் குண்டு ஓடும். பெட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டன். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பட்டனைத் தட்டினால் உள்ளே சின்ன மட்டை குண்டை அடிக்கும். இது இரண்டு பேர் மாறி மாறி ஆடும் மெஷின். ஸ்கோர் காட்ட இரண்டு வரிசை நம்பர் சக்கரங்கள்.

கொண்டுவந்தது ஒரு பல் டாக்டரம்மா. "அப்பாவோடது. பெயிண்ட் மட்டும் பழைய மாதிரியே வேணும்" என்றார்.

உள்ளே இருந்ததையெல்லாம் மாப்பிள்ளை கழற்றித் தன் மேஜைக்குக் கொண்டுபோனார். வயர், மணி, நம்பர் சக்கரம், பட்டன் எல்லாம். என் அறையில் இருந்தது வெறும் பெட்டி. பட்டன் இருந்த இடத்தில் ஓட்டை.

செவ்வாய்க்கிழமை.

எந்தப் பழைய பெயிண்டையும் சுரண்டுவதற்கு முன்னால் அதை டிரேசிங் பேப்பரில் படி எடுத்துக்கொள்வது என் பழக்கம். சிவப்பு நட்சத்திரம், நீலப் பட்டை எல்லாம் எடுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பட்டன் ஓட்டைகளைச் சுற்றி மட்டும் மரம் குழிந்திருந்தது. வருஷக்கணக்காக உள்ளங்கை பட்டுத் தேய்ந்த குழி. பட்டி பார்த்துச் சமமாக்கினேன். வெள்ளை அடித்து முடித்தபோது மணி 4.40.

முற்றத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன்.

டக்... டக்...

மரத்தில் விரல் தட்டுவது போல. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 5.20.

உள்ளே வந்தால் யாரும் இல்லை. ஆனால் ஈர வெள்ளையில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. யாரோ நின்று விளையாடியது போல.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மாப்ளே, ஈரப் பெயிண்ட்ல கை வச்சீங்களா?"

"நான் ஏன் மச்சான் அங்க வரப் போறேன்?"

அவர் கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தின்னர் போட்டுத் துடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தின்னர் டப்பா என் அறையில், மூடி திறக்காமல் இருந்தது.

ஒரு வீம்பில் அந்தக் கை அடையாளங்களையும் டிரேசிங் பேப்பரில் படி எடுத்தேன். நாளைக்கு வாதம் வந்தால் சாட்சி வேண்டுமே.

புதன்கிழமை.

மறுபடி தேய்த்து, மறுபடி வெள்ளை அடித்தேன். இந்த முறை நடுக்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பூட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"மச்சான், நேத்து என் டேபிளுக்கு வந்து நம்பர் சக்கரத்தைத் திருப்புனீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"3120ல விட்டிருந்தேன். இப்ப 3460ல நிக்குது. கரண்ட்டே குடுக்கலை."

சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். தன் தப்பை மறைக்கக் கதை கட்டுகிறார் என்று எனக்குப் பட்டது. திருடன்தான் முதலில் கூச்சல் போடுவான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

5.20. குழாயடியில் இருந்தேன்.

டக்... டக்... டக் டக்...

பிறகு ஒரு மணி. டிங்.

ஓடினேன். நடுக்கதவு பூட்டியது பூட்டியபடி. சாவி என் பையில். பெட்டியில் இரண்டு கைகள். நேற்றைய கைகள் அல்ல. இவை அகலமானவை.

அதையும் படி எடுத்தேன். கோபத்தில் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து மாப்பிள்ளையிடம் கத்தினேன்.

"இன்னொரு சாவி வச்சிருக்கீங்களா?"

"சாவியும் உங்ககிட்ட, பெயிண்டும் உங்ககிட்ட. கையையும் நீங்களே வச்சுட்டு என்னைச் சொல்றீங்களா?"

அன்று இருவரும் பேசிக்கொள்ளாமல் கடையைச் சாத்தினோம். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை.

மூன்றாவது முறையாக வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், நேராவே கேக்குறேன். ரெண்டு நாளா அஞ்சு இருபதுக்கு என் டேபிள்கிட்ட வந்து நிக்கிறீங்க. முதுகைக் காட்டிக்கிட்டு. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறீங்க. விரலால சக்கரத்தைத் திருப்பிட்டுப் போறீங்க. என்ன விளையாட்டு இது?"

அந்த நேரத்தில் நான் குழாயடியில் இருந்தேன். அது எனக்கு நிச்சயம். நேற்றோ கதவே பூட்டியிருந்தது. இவ்வளவு பெரிய பொய்யை முகத்துக்கு நேரே சொல்கிறாரே என்று தலை கொதித்தது.

"கூட இருந்தே குழி பறிக்கிறியா நீ? வெளிய போ."

கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரை 'நீ' என்றது அப்போதுதான். சொன்ன வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அவர் கடைச் சாவியை ஆணியில் மாட்டினார். செருப்பைப் போட்டார். வெளியே போய்விட்டார். மணி 4.50.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நடுக்கதவு திறந்தே கிடந்தது. கடையில் நான் மட்டும். தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

5.19க்குப் போன் அடித்தது. தங்கை.

"என்னண்ணா நடந்துச்சு? இவர் வந்ததுலேர்ந்து தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கார். நீ போகச் சொன்னியாமே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

முன் அறையில் ஒரு சத்தம்.

கிளிக்.

நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை தன் மேஜையருகே நின்றுகொண்டிருந்தார். முதுகு என் பக்கம். அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. வலது கை நம்பர் சக்கரத்தின் மேல்.

கிளிக்... கிளிக்...

"வீட்டுலயா இருக்கார்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆமா, இதோ எதிர்லதான். குடுக்கவா?"

"மச்சான்..." என்றது போனில் மாப்பிள்ளையின் குரல். "சொல்லுங்க மச்சான்."

கிளிக்.

முன் அறையில் இருந்தவர் கையை எடுத்தார். அப்படியே அசையாமல் நின்றார். தன் முறை முடிந்து, அடுத்தவருக்காகக் காத்திருப்பவர் போல.

அப்போது என் முழங்கைக்குப் பக்கத்தில்...

டக்.

பெட்டி.

மெல்லத் திரும்பினேன். யாரும் இல்லை.

ஈர வெள்ளையில் ஒரு விரல் அமுங்கியது.

பிறகு ஒன்று.

பிறகு ஒன்று.

சுண்டுவிரல் கோணலாக அமுங்கியது.

என் சுண்டுவிரல் கோணல். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியது.

டிங்.

முற்றத்து வழியாக ஓடினேன். செருப்பு இல்லை. தங்கை வீட்டு வாசல் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. முன்னால் ஆறிப்போன டீ. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே கடையைத் திறந்தோம். இரண்டு டிரேசிங் பேப்பரையும் மேஜையில் விரித்தேன். இத்தனை நாள் நான் செய்யாத ஒரு வேலையை அப்போதுதான் செய்தோம். அவர்தான் என்று அவ்வளவு உறுதியாக இருந்தேனே தவிர, அவர் கையை ஒருதரம்கூட வைத்துப் பார்க்கச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமைக் கைகள் மீது மாப்பிள்ளை தன் கைகளை வைத்தார். அச்சாகப் பொருந்தின.

புதன்கிழமைக் கைகள் மீது நான் வைத்தேன்.

சுண்டுவிரல் உட்பட.

சீக்கிரம் காயும் பெயிண்டாக வாங்கினோம். காலையில் அடித்தால் மூன்று மணிக்குள் காய்ந்துவிடும், காய்ந்த பெயிண்டில் கை பதியாது. மாப்பிள்ளை தான் கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டினார். தினமும் ஐந்து மணிக்கு முன்னால் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். நட்சத்திரமும் பட்டையும் பழைய அளவு மாறாமல் வந்தன. என் கைவேலையில் அதைப்போல இன்னொன்று அமையவில்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மா வந்தார். பெட்டியைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார்.

"அப்பாவும் மாமாவும் சேர்ந்து விளையாட்டுக் கூடம் வச்சிருந்தாங்க. மாமான்னா அப்பாவோட தங்கச்சி வீட்டுக்காரர். தினம் சாயங்காலம் இதுல ஒரு ஆட்டம். ஒருநாள் 'ஸ்கோரை நீ திருப்புனதைக் கண்ணால பார்த்தேன்'னு அப்பா. 'திருப்பினது நீங்கதான்'னு மாமா. அதோட பேச்சு முடிஞ்சது. அத்தை முப்பது வருஷம் எங்க வாசலை மிதிக்கலை."

மாப்பிள்ளையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இதுல வேடிக்கை என்னன்னா, அன்னைக்குச் சாயங்காலம் மாமா கூடத்துலயே இல்லை. எனக்குப் பல் வலி. என்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதே அவர்தான். அப்பாகிட்ட சொன்னேன். சின்னப் பிள்ளை பேச்சுன்னு விட்டுட்டார்."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். வாய் வரை வந்தது. பைத்தியம் என்று நினைப்பார், வேலையைச் சந்தேகிப்பார் என்று ஒரு பக்கம். இந்தச் சனியன் இங்கிருந்து போனால் போதும் என்று ஒரு பக்கம். விழுங்கிவிட்டேன்.

வெளியே திரும்பி அவர் குரல் கொடுத்தார். இரண்டு இளைஞர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிவிட்டுப் பெட்டியை அலாக்காகத் தூக்கினார்கள்.

"என் பையன். இவர் என் பொண்ணு வீட்டுக்காரர்" என்றார் டாக்டரம்மா. "மச்சானும் மாப்பிள்ளையும் இணைபிரியாத ஜோடி. இவங்களுக்காகத்தான் இதை ரெடி பண்ணச் சொன்னேன்."

ஒரு மாதம் ஆயிற்று. நேற்று சாயங்காலம் டாக்டரம்மாவின் போன் வந்தது. குரலில் பழைய கனிவு இல்லை.

"என்ன பெயிண்ட் அடிச்சீங்க? காயவே இல்லையே. பெட்டியோட ரெண்டு பக்கமும் கை பதிஞ்சிருக்கு. கேட்டா, இவன் அவரைச் சொல்றான், அவர் இவனைச் சொல்றார். என் பொண்ணு காலையிலேர்ந்து அழுதுட்டு இருக்கா."

கடிகாரத்தைப் பார்த்தேன்.

5.20.

போனில், அவருக்குப் பின்னால் எங்கேயோ, ஒரு மணி அடித்தது.