கேட்டதெல்லாம் கிடைத்த பயணம்

இல்லை, நுவரெலியாவில் ஒரு குறையும் இருக்கவில்லை. இங்கே போட்டிருக்கும் படத்தில் நான் சிரிப்பது உண்மையான சிரிப்புத்தான்.

இங்கிலாந்து வேடமிட்ட அந்த ஊரில் எல்லாமே கொள்ளை விலை என்று புலம்பும் வாப்பா, இன்று நான் கேட்காமலே ஸ்ட்ரோபெரி வாங்கித் தந்தார். அன்னப் படகில் இரண்டாவது சுற்றும் போனோம். எங்கே போனாலும் வீடு திரும்ப அவசரப்படுத்தும் உம்மா, "இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போவோமே மகள்" என்றார்.

அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அக்குறணைக்கு வந்து சேர மாலையாகிவிட்டது. குசினி வாசலில் என் பூனை சுண்டுவின் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சுண்டு இல்லை.

"மாமா வந்து கெலிஓயாவுக்குக் கொண்டு போயிட்டாரு" என்றார் உம்மா. "அடுத்த கெழம ராத்தா பிரசவத்துக்கு வாறா. பச்சப் புள்ள இருக்கிற ஊட்டுல பூனை முடி கூடாது."

"எனக்கிட்ட செல்லியிருக்கலாமே?"

"செல்லியிருந்தா நீ அத உட்டுட்டுப் பயணம் வந்திருப்பியா?" வாப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

வந்திருக்க மாட்டேன். அதற்காகத்தான் பயணமே. படகில் நான் சிரித்த நேரமெல்லாம் மாமாவுக்குத் தேவைப்பட்ட நேரம்.

கூடப்பிறந்த ராத்தாவின் பிள்ளைக்காக என்றால் நானே கொண்டுபோய் விட்டிருப்பேன். அதை யாரும் கேட்கவில்லை.

உங்கள் வாப்பாவும் திடீரென்று ஸ்ட்ரோபெரி வாங்கித் தந்திருக்கிறாரா? வீட்டில் என்ன காணாமல் போனது? சொல்லுங்கள்.

நான் செருப்பைக் கழற்றவில்லை. கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினேன். அங்கே இறங்கி கெலிஓயா பஸ் எடுக்க வேண்டும்.