குந்தா மாறிய கதை

நான் இடக்கைக்காரி. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான என் போட்டி ரைபிளின் பின்கட்டையோ வலக்கைக்காரர்களுக்காகக் கடைந்தது. இரண்டு வருடம் அது என் கன்னத்தை இடித்த இடியில், பார்ப்பவர்கள் எல்லாம் பல்வலியா என்று கேட்டார்கள்.

துப்பாக்கியில் கைவைப்பதென்றால் லைசென்ஸ் உள்ள கடையில்தான் வைக்க வேண்டும். கடைக்காரர் மூன்று மாதம் ஆகும் என்றார். டெல்லி அணிக்கான தேர்வுக்கு இருந்ததோ மூன்று வாரம். மயூர் விஹார் வீட்டில் எங்களுக்கு அலமாரி செய்த தச்சரிடம் பழைய கட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்து, இதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்று செய்து தாருங்கள் என்றேன். அழகாகச் செய்து தந்தார். கட்டை என்பது துப்பாக்கியின் பாகமா, வெறும் மரமா என்று பயிற்சிக்கு வரும் சட்டப்புலிகளுக்குள் ஓயாத சண்டை. எனக்குச் சாதகமான புலியை நான் நம்பினேன்.

அந்த நேரம் பார்த்து லைசென்ஸ் புதுப்பிக்கும் கெடு வந்தது. ரைபிளைச் சரிபார்க்கக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். சந்தேகம் வந்தால் அங்கேயே வைத்துக்கொள்வார்கள். அதோடு என் தேர்வும் போச்சு. பையைத் தூக்க வந்த கணவரிடம் வாசலிலேயே சொன்னேன்: "அங்க வந்து நீங்க வாயையே தொறக்கக் கூடாது."

அதிகாரி குழலில் இருந்த எண்ணை லைசென்ஸோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. பிறகு புது மரத்தைத் தடவிப் பார்த்து, "குந்தா பத்லா ஹை?" என்றார்.

இந்தியில் குந்தா என்றால் பின்கட்டை; அதை மாற்றியிருக்கிறீர்களா என்கிறார். திருநெல்வேலியில் பிறந்த என் கணவர் காதில் அது குண்டு என்று விழுந்தது. போலீஸ்காரர் தமிழ்ச் சொல்லில் கேட்கிறாரே என்ற பூரிப்பில் அவர் முந்திக்கொண்டார்.

"ஹாங் ஜி. ரோஜ் பதல்தா ஹை."

"ரோஜ்?"

"ரோஜ். சாலீஸ், பச்சாஸ்."

தினமும் நாற்பது ஐம்பது கட்டை மாற்றும் குடும்பத்தை அதிகாரி அதுவரை பார்த்ததில்லை. பேனாவைக் கீழே வைத்தார். தமிழில் குண்டு என்றால் தோட்டா, பயிற்சியில் நான் தினமும் சுடுவதைச் சொல்கிறார் என்று நான் திக்கித் திணறி இந்தியில் விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரே முதலிலிருந்து கதையைச் சொன்னார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண் சரியாக இருக்கிறது, இனிமேல் மர வேலைக்கும் லைசென்ஸ் உள்ள கடைக்கே போங்கள் என்று கையெழுத்துப் போட்டார். கட்டையைச் செய்தது யார் என்று கேட்க மறந்தே போனார். கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். எனக்குப் பொய் வராது.

ஆட்டோவில் ஏறியதும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். "வாயைத் தொறக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

அவர் பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"பன்னெண்டு வருசமா டெல்லில குப்பை கொட்டுதேன். குந்தான்னா கட்டைன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

அவர் சொன்னது நிஜமா, சமாளிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தேர்வில் இடது தோளில் கட்டையைச் சாய்த்துக்கொண்டு நின்றபோது, என் வாழ்க்கையில் முதல்முறையாக அவரை நினைத்துக் கர்வப்பட்டேன். அவரிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வாயை மூடவே மாட்டார்.