வேலைக்காரியின் கையில் மாணவியின் கடிகாரம்

மஸ்கட்டில் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு, லேப்டாப்பைப் பார்த்து "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்துவதுதான் என் பிழைப்பு. நான் உடற்கல்வி ஆசிரியை. திரையில் பாதிக் கட்டங்களில் கூரை விசிறி மட்டும் சுற்றும். இது போதாதென்று பள்ளியில் ஒரு ஏற்பாடு செய்தோம். பாடம் ஆன்லைனில், வெள்ளிக்கிழமை காலையில் கடற்கரையில் அக்கம்பக்கத்து மக்களோடு சேர்ந்து ஓட்டமும் கயிறிழுப்பும். மற்ற நாட்களில் பிள்ளைகள் நடப்பதை அவர்கள் கையில் கட்டிய கடிகாரம் பள்ளிக்குச் சொல்லிவிடும்; அதற்கு மதிப்பெண் உண்டு.

ஏழாம் வகுப்பு ரெனிட்டா, நம் தூத்துக்குடிப் பிள்ளை, நடையில் எப்போதும் முதலிடம். அவள் கடற்கரைக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை அவளை ஓடச் சொன்னேன். கொஞ்ச தூரத்திலேயே மூச்சிரைத்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மணிக்கட்டில் அந்தக் கடிகாரம் இருந்தது. அவள் பெயர் ஸ்டெல்லா, ஊர் தூத்துக்குடியின் மீனவர் பகுதியான திரேஸ்புரம். கேட்டபோது ஒளிக்கவில்லை.

"பாப்பாவுக்கு வெயில் ஆவாதாம் டீச்சர். வேலையெல்லாம் முடிச்சிட்டு நாந்தான் கட்டிக்கிட்டு நடக்கேன்."

அடுத்தவரைக் கீழாகப் பார்க்கும் இந்தப் புத்தி எனக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் நான் ஆசிரியையாக இருந்தபோது, கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த நாட்களில், உடற்பயிற்சிகளைப் படம்பிடித்துப் பிள்ளைகளுக்கு போனில் அனுப்பிவந்தேன். திரேஸ்புரத்தில் பல வீட்டுக்கு ஒரு போன். அதனால் பிள்ளைகள் வள்ளங்களுக்கு நடுவே கூடி, ஐஸ்பெட்டி மேல் போனைச் சாய்த்துவைத்துப் பயின்றார்கள். வலை பழுதுபார்த்த பெண்களும் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். தெருவே கைகால் நீட்டியது. பள்ளி திறந்ததும் டவுன் பிள்ளைகளையும் சனிக்கிழமை அங்கே கூட்டிப்போனேன். ஒரே ஒரு சனிக்கிழமைதான். மீன் நாற்றத்துக்குள் எங்கள் பிள்ளையை நிறுத்தாதீர்கள் என்று பெற்றோர் திரண்டு வந்தார்கள். ஞாயிறு மதியம் அதே மீனைக் குழம்பாக்கித் தின்கிறவர்கள். தலைமையாசிரியர் அவர்களுக்குத் தலையாட்டினார். வேலையை உதறிவிட்டு விமானம் ஏறினேன். நாற்றம் பிடித்த அந்தப் புத்தியை அங்கேயே விட்டுவந்ததாக நினைத்திருந்தேன்.

இங்கே என் சூப்பர்வைசர் அன்பான ஓமானியப் பெண். அது அந்தப் பிள்ளையின் நடை அல்ல என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கடிகாரம் பழுது என்று புரிந்துகொண்டு, மறுநாளே ரெனிட்டாவுக்குப் புதிது கொடுத்தனுப்பினார். பிறகு ரெனிட்டாவின் அம்மாவுக்கு போன் செய்தேன். அவள் கோபப்படவில்லை.

"ஸ்டெல்லா உடம்புக்கும் நல்லதுதானே மிஸ்?" என்றாள்.

அந்த மதிப்பெண்ணை அடித்துவிட்டேன். இனி என் கண்ணால் பார்க்கும் ஓட்டத்துக்குத்தான் மதிப்பெண் என்றேன். அவர்கள் மகளை ஆன்லைன் மட்டும் உள்ள பிரிவுக்கு மாற்றிக்கொண்டார்கள்; அங்கே கடிகாரம் சொல்வதற்குத்தான் மதிப்பெண்.

போன வாரம் விடிகாலையில் கடற்கரைச் சாலையில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளுக்கு வேலை போகவில்லை. இப்போது இரண்டு கையிலும் கடிகாரம். ஒன்று ரெனிட்டாவுடையது, இன்னொன்று அந்த அம்மாவுடையது. நின்று பேசலாமா என்று கேட்டேன்.

"நிக்க முடியாது டீச்சர். கூட வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம்."

கூட நடந்தேன். நம்ம ஊருக்கு நான் எப்போது போகப்போகிறேன் என்று விசாரித்தாள். நம்ம ஊர் என்ற சொல்லுக்குள் அவளும் இருந்தாள், அவளை நடக்கவிட்டவளும் இருந்தாள். தூத்துக்குடியைப் போலவே கடலுக்குள்ளிருந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அரபி எழுத்துப் பலகைகளைத் தாண்டி, ஊர்த் திசையிலும் இல்லாமல் வீட்டுத் திசையிலும் இல்லாமல், இருவரும் வேகமாக நடந்துகொண்டிருந்தோம்.