பதினாலாம் தேதி சார்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்த பிறகுதான் கோப்புக் கட்டின்மேல் கை வைப்பார். கடிகாரம் அவரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரே நீளத்தில் சீவிய இரண்டு பென்சில்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு. கட்டின் நாடா முடிச்சை அவிழ்க்க மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வார். "கட்டினவன் எப்படிக் கட்டியிருக்கான்னு பாத்துக்கணும் சார். திருப்பி அதே மாதிரி கட்டலேன்னா அடுத்து வர்றவன் நம்மளத்தான் திட்டுவான்" என்பார். அடுத்து யார் வரப்போகிறார்கள்? அந்தக் கட்டுகளை நாற்பத்து நான்கு வருடங்களாக யாரும் தொட்டதில்லை.

அரசு ஆவணக் காப்பகத்தின் படிப்பறையில், ஜன்னலோரம் மூன்றாவது மேஜை அவருடையது. எட்டு மாதமாக அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பாவி நான். பழைய கப்பல் கம்பெனி விளம்பரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போனவன். அந்தக் கட்டுரை இன்றுவரை எழுதப்படவில்லை. எதிரே ஒரு மனிதர், செத்துப்போன ஒரு ஜனாதிபதி ஒரு குறிப்பிட்ட நாளில் எத்தனை மணிக்கு டீ குடித்தார், எத்தனை மணிக்கு மாடி ஏறினார் என்று தேடிக்கொண்டிருந்தால், கப்பலைப் பற்றி யாரால் எழுத முடியும்?

அவருடைய பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. பதினாலாம் தேதி சார். சுருக்கமாகப் பதினாலு சார். கோரிக்கைச் சீட்டில் துறை மாறும், கோப்பு மாறும், தேதி மட்டும் மாறாது. சீட்டு வாங்கும் அம்மாளுக்கு முப்பது வருட சர்வீஸ், வாய்க்குப் பூட்டு கிடையாது. "என்ன பதினாலு சார், ஒரு மாறுதலுக்குப் பதினஞ்சாம் தேதி கேக்கக் கூடாதா? அன்னிக்கும் ஜனாதிபதி உயிரோடதானே இருந்தார்?" என்று தினமும் சீண்டுவார். "பதினஞ்சாம் தேதியில எனக்கு என்னம்மா வேலை?" என்று இவர் சிரிக்காமல் பதில் சொல்வார். இந்தப் பேச்சை நானே நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

தொழிலால் டைம்கீப்பர். பஸ் நிலையத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று முப்பத்து நான்கு வருடம் எழுதி ஓய்வு பெற்றவர். நடத்துநர் நீட்டும் ட்ரிப் ஷீட்டைப் பார்த்த உடனே, அது வண்டியில் எழுதியதா, டீக்கடையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியதா என்று சொல்லிவிடுவாராம். "நேரத்தப் பாக்காதீங்க சார், எழுத்தப் பாருங்க. ஓடுற வண்டியில எழுதினா ஒரு எழுத்து இப்படிச் சாயும், ஒண்ணு அப்படிச் சாயும். எல்லாம் வரிசையா அழகா நின்னா, அவன் புளுகுறான்னு அர்த்தம்."

அவர் என்னிடம் முதன்முதலில் பேசியதே இதுதான். அன்று ஜனாதிபதியின் நாட்குறிப்பைப் பிரித்திருந்தார். காலை ஆறு மணி நடை, ஒன்பதே காலுக்கு ஒரு தூதருடன் சந்திப்பு என்று வரிசையாகப் போய், 'பிற்பகல் 3.30 முதல் 5.00 வரை: அலுவலக அறையில், அண்டை நாட்டு ஜனாதிபதியின் தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்து' என்று ஒரு வரி. புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். "காலைல ஆறு மணியும் ராத்திரி பத்து மணியும் ஒரே மை, ஒரே கை, ஒரே நேர்கோடு. டீக்கடை ஷீட்டு சார் இது." சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார். முகத்தில் கோபம் இல்லை. வேலையைத் தொடங்கப்போகிறவனின் முகம்.

என்ன வேலை என்பது இரண்டாவது மாதம், கேன்டீனில் தெரிந்தது. அந்தப் பதினாலாம் தேதி மாலை ஆறு மணிக்கு, இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஆற்றின்மேல் இருந்த பாலத்தை மூடினார்கள். பத்தொன்பது வருடம் அது திறக்கவில்லை. அக்கரையில் கட்டிக்கொடுத்த பெண்ணை அப்பா பார்க்க முடியவில்லை, அப்பா செத்த செய்தி பெண்ணுக்குப் போகவில்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மூடுவதற்கு முன்னால் அந்த நாட்டு ஜனாதிபதி தொலைபேசியில் அழைத்திருக்கிறார். பேசலாம் என்று நம் ஜனாதிபதியிடமிருந்து ஒரு வார்த்தை போயிருந்தால் பாலம் மூடியிருக்காது. வார்த்தை போகவில்லை. ஜனாதிபதி மாளிகையின் தொலைபேசி ஆபரேட்டர் அழைப்பை இணைக்கத் தவறிவிட்டார் என்று மறுநாள் அறிக்கை வந்தது. ஆபரேட்டருக்கு வயது இருபத்தாறு. வேலை போயிற்று. தெருவில் அவளுக்குப் 'பாலத்தை மூடினவ' என்று பெயர் வைத்தார்கள்.

அவள் இவருடைய அக்கா.

"நான் அப்போ பத்தாவது படிச்சேன். என் டெஸ்க்குல பாலம் மாதிரி படம் வரைஞ்சு வைப்பானுங்க. ரெண்டு பேர் பல்ல ஒடைச்சேன். அக்காகிட்டக் கேட்டேன், நீ இணைக்கலியான்னு. 'மூணு தடவ போட்டேன்டா. டிக்கெட்டுல எழுதியிருக்கேன்'னா. விசாரணையில டிக்கெட் இல்லவே இல்லன்னுட்டாங்க. அதோட வாய மூடினவதான். இந்தப் பேச்ச எடுத்தா வீட்ட விட்டே போயிடுவேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "வேலையில இருந்தவரைக்கும் எனக்கு நேரமில்ல. இப்போ நேரம் இருக்கு, கெடு இல்ல."

கெடுவும் வந்தது. வெளியுறவு அமைச்சகம் தன் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறது. எழுதுகிறவர் ஒரு பேராசிரியர். கையெழுத்துப் படியைப் படிப்பறையில் எல்லோரும் பார்க்க வைத்திருந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் முப்பதாம் தேதிக்குள் ஆதாரத்துடன் சொல்ல வேண்டும். பாலம் மூடியதைப் பற்றி ஆறு பக்கம், வல்லரசுகள், வணிகப் பாதை என்று விளாசிவிட்டு, கடைசியில் 'இணைப்பாளரின் கவனக்குறைவால் அந்த அழைப்பு ஜனாதிபதியை எட்டவில்லை' என்று முடித்திருந்தார். பதினாலு சார் அந்த வரியை நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டார். "புத்தகத்துல ஏறிடுச்சுன்னா அவ்வளவுதான் சார். தெருவுல சொன்னவனெல்லாம் செத்துப் போவான். புத்தகம் சாகாது."

அதன் பிறகு மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். பெரிய காகிதம் ஒன்றில் பஸ் அட்டவணை மாதிரி கட்டம் போட்டார். இடப்பக்கம் ஐந்து ஐந்து நிமிடமாக நேரம். மேலே வாயில் பதிவேடு, கார் லாக் புத்தகம், சமையலறைச் சீட்டு, தொலைபேசி என்று வரிசை. ஒரு வண்டி ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் நிற்க முடியாது என்பது அவருடைய தத்துவம். ஜனாதிபதியை அப்படியே விரட்டினார். 2.05க்குப் படுத்தார். 3.50க்கு வாயில் பதிவேட்டில் முடிவெட்டுபவர் உள்ளே வந்தார், 4.45க்கு வெளியே போனார். 4.15க்குச் சமையலறையிலிருந்து மேல்மாடிக்கு இரண்டு டீ போயிற்று. அலுவலக அறை கீழ்மாடியில். ஆக, நாடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நம் வெளியுறவுக் கொள்கை கழுத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு மாடியில் முடி வெட்டிக்கொண்டிருந்தது. படிப்பறை என்பதையும் மறந்து நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பேராசிரியரிடம் கொண்டுபோனோம். கெட்ட மனிதர் அல்ல. அட்டவணையைப் பொறுமையாகப் பார்த்தார். "ஜனாதிபதி முடி வெட்டிக்கிட்டார், ஒத்துக்கறேன். அதனால உங்க அக்கா லைன் போட்டாங்கன்னு எப்படிச் சொல்ல முடியும்? தொலைபேசி கட்டம் மட்டும் காலியா இருக்கே." இருந்தது. வெளிநாட்டு அழைப்பு ஒவ்வொன்றுக்கும் ஆபரேட்டர் ஒரு இளஞ்சிவப்புச் சீட்டு எழுத வேண்டும். அதைத்தான் டிக்கெட் என்பார்கள். பதினாலாம் தேதி டிக்கெட் கட்டை நானும் அவரும் நாலு தடவை புரட்டியிருந்தோம். மாலை நாலு மணிக்கு மேல் வந்த டிக்கெட்டுகள் ஏழெட்டு இருந்தன. அந்த அழைப்பு மட்டும் இல்லை. "எடுத்துட்டானுங்களோ?" என்று நான் இழுத்தேன். "எடுத்த கட்டு மாதிரி இல்ல சார். நம்பர் விடாம வருது" என்றார். அன்று அவர் நாடாவைக் கட்டும்போது முடிச்சு இரண்டு முறை நழுவியது.

கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு விடுமுறை. இவர் வீட்டில் அட்டவணையைத் தரையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் வாங்க வெளியே போய்த் திரும்பினால், அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பஸ் கம்பெனியில் பகுதி நேர வேலை என்று எட்டு மாதமாக அவளிடம் புளுகிக்கொண்டிருந்தவர் இவர். நடந்ததை மறுநாள் காலை படிக்கட்டிலேயே என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்.

"பொய் சொன்னதுக்குத் திட்டுவான்னு நின்னேன் சார். விரலக் காலிக் கட்டத்துல வெச்சுக்கிட்டு, 'எந்தக் கட்டுலடா தேடின?'ன்னா. பதினாலுன்னேன். 'போடா மடையா! எங்க டெலிபோன் போர்டுல மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிப்டு மாறும். ரெண்டு மணியோட அன்னிக்கான கட்டக் கட்டிடுவோம். அப்புறம் வர்றதெல்லாம் மறுநாள் கட்டு. விசாரணையிலயும் இதையேதான் கதறினேன். எவன் கேட்டான்?'ன்னா."

டிக்கெட்டில் நேரம் மட்டும்தான் இருக்கும். தேதி கட்டின் மேலட்டையில். நாங்கள் நாலு தடவை புரட்டிய மாலை டிக்கெட்டுகள் எல்லாம் பதின்மூன்றாம் தேதியுடையவை! இவர் தலையில் அடித்துக்கொண்டார். "ராத்திரி பன்னெண்டரைக்கு வர்ற கடைசி பஸ்ஸ முந்தின நாள் ஷீட்டுலதானே முப்பத்து நாலு வருஷம் எழுதினேன்! ஒவ்வொரு தொழிலுக்கும் நாள் ஒவ்வொரு நேரத்துல முடியும்னு என்னவிட எவனுக்குத் தெரியணும்? விசாரணைக்காரங்க கிடைக்கக் கூடாதுன்னு தேடினாங்க. நான் கிடைக்கணும்னு தேடினேன். ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் சார் தேடியிருக்கோம்."

கோரிக்கைச் சீட்டில் பதினைந்து என்று எழுதி நீட்டினார். வாய்க்குப் பூட்டில்லாத அந்த அம்மாள் சீட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். உதவியாளரை அனுப்பாமல் தானே எழுந்து போய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கேயே நின்றுகொண்டார்.

அன்று முடிச்சை அவிழ்க்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. கத்தரிக்கோல் தரட்டுமா என்று அம்மாள் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒன்பதாவதும் பத்தாவதும் பதினான்காவதும் அவளுடைய டிக்கெட்டுகள். '4.08 செயலர் அறைக்கு இணைத்தேன். பதில்: முடி வெட்டிக்கொள்கிறார், காத்திருக்கட்டும்.' '4.21 மீண்டும் இணைத்தேன். பதில்: காத்திருக்கட்டும்.' '4.33 மீண்டும். பதில்: பேச விரும்பவில்லை என்கிறார். இனி இணைக்க வேண்டாம் என்று உத்தரவு.' கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்து.

நான் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, மூன்று டிக்கெட்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் இணைப்பைச் செருகிக்கொண்டு எழுதிய எழுத்து. ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் சாய்ந்திருந்தது. "அக்காங்கிறதுக்காகச் சரிபாக்காம விட முடியுமா சார்?" என்று சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிக்கெட்டில் தேதி இல்லையே, முடி வெட்டியது பதினாலு மட்டும்தானா என்று பார்க்க, அடுத்து வாயில் பதிவேட்டில் பதின்மூன்றையும் பதினைந்தையும் வரவழைத்தார். அந்த இரண்டு நாளும் முடிவெட்டுபவர் வரவில்லை. காலிக் கட்டத்தில் மூன்று நேரங்களை எழுதினார்.

சான்றிட்ட நகல்களை இருபத்தேழாம் தேதி பேராசிரியரிடம் கொடுத்தார். அவர் இரண்டு முறை படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆறு பக்கத்தையும் திருத்த வேண்டியிருக்கும் அல்லவா? "வெச்சுட்டுப் போங்க. நாளைக்குச் சாயங்காலம் போன் பண்றேன்" என்றார்.

பதினாலு சார் வீட்டுத் தொலைபேசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் கைபேசிக்கு மாறிய பிறகும் அங்கே கம்பி போட்ட கருவி ஒன்று கூடத்தில் இருக்கிறது. அக்கா அதை நாற்பத்து நான்கு வருடமாகத் தொட்டதில்லை. அடித்தால் உள்ளே போய்விடுவாள். அதனால் இரண்டாவது மணி அடிக்க விடாமல் தம்பி ஓடிவந்து எடுத்துவிடுவார். பிறகு எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கழட்டினா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்" என்றார்.

மறுநாள் மாலை நான் அங்கே இருந்தேன். அக்கா காய் நறுக்கிக்கொண்டே, "உங்க கப்பல் எப்போ தம்பி கரை சேரும்?" என்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. பதினாலு சார் பழக்கத்தில் பாதி எழுந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது மணி, மூன்றாவது மணி.

"போன் அடிக்குதுடா."

"கேக்குது."

"எடுக்கலியா?"

"எனக்கு வந்ததில்லக்கா அது."

ஆறு, ஏழு. கத்தி பலகையில் நின்றது. எனக்கு நானே ஓடிப்போய் எடுத்துவிடலாமா என்று இருந்தது; அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது மணியில் அவள் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கருவியை எடுத்தாள். எழுபது வயது முதுகு நேராக நிமிர்ந்தது. "சொல்லுங்க, லைன்ல இருக்கேன்." நீண்ட நேரம் கேட்டாள். "சரி. திருப்பிச் சொல்றேன், சரிபாத்துக்குங்க. 'இணைப்பாளர் அழைப்பை மூன்று முறை இணைத்தார். ஜனாதிபதி பேச மறுத்தார்.' அவ்வளவுதானே?"

தம்பி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றித் தொடைமேல் வைத்து, நோட்டில் குனிந்து எழுதினார்: 'மாலை 5.42. அக்கா எடுத்தாள்.' ஒரு எழுத்து இப்படிச் சாய்ந்திருந்தது, ஒன்று அப்படி.