ரூத் மடாமின்ர அப்பிள் பை

ரூத் மடாம் போயிட்டா… காலமை அவவின்ர மகள் போன் எடுத்துச் சொன்னா.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதுது. பிழை கிடந்தாப் பொறுங்கோ.

எண்பத்தஞ்சு மாசி. பாரிசில, லாசப்பல்லில ஆறாம் மாடி. ஒரு அறைக்குள்ள நாங்கள் ஆறு பேர். ரெண்டாம் மாடியில ரூத் மடாம்… பிரெஞ்சுக்காரரைக் கட்டி வந்த அமெரிக்கக்காரி.

செல்வராசான்ர அம்மா ஊரில செத்துப்போனா எண்டு கடிதம் வந்திது. அவன் பச்சைத்தண்ணியும் வாயில வைக்கேல்லை.

செத்தவீட்டில அடுப்பு மூட்டக்கூடாது, அயலட்டைதான் சமைச்சுக் கொண்டு வரவேணும். நாங்களும் மூட்டேல்லை. ஆனா ஆறு பேரும் ஒரே அறை… அயலுக்கு எங்கை போறது? ரெண்டு நாள் வெறும் பாண்தான்.

மூண்டாம் நாள் கதவு தட்டிச்சு. ரூத் மடாம். கையில சுடச்சுட அப்பிள் பை… மாவுக்குள்ள அப்பிள் வைச்சுச் சுடுற பணியாரம்.

"இவர் அழுதது கீழ வரைக்கும் கேட்டது. எங்கட ஊரில சாவெண்டால் அயல் பொம்பிளையள் பை கொண்டு போவினம். கடையில வாங்கிறேல்லை, சொந்தக் கையால சுடவேணும்" எண்டா.

செல்வராசா மெல்லக் கேட்டான், "அண்ணை, முட்டை கிட்டை இருக்கோ? அம்மான்ர முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் நான் மச்சமாமிசம் தொடேலாது."

மடாமைக் கேட்டுப்போட்டு, "இல்லையாம். தின்னடா" எண்டன்.

அழுதழுது நாலு துண்டு சாப்பிட்டான்.

அடுத்த நாள் தட்டைக் குடுக்கப் போனன். மடாம் இன்னொண்டு சுட ஆயத்தம். மேசையில வெள்ளைக் கொழுப்புப் பெட்டி. எழுத்துத் தெரியாட்டிலும் படம் தெரியுந்தானே… பன்றி.

பெட்டியைக் காட்டிக் கேட்டன், "இது போடாமல் சுடேலாதோ?"

"என்ர அம்மா இப்பிடித்தான் சுடுவா. ஏன், நல்லாயில்லையோ?" அவவின்ர முகம் வாடிப்போச்சு.

"ஐயோ, நல்லது மடாம். எங்கட ஆக்களுக்கு பட்டர் எண்டா உயிர், அதுதான்."

"அம்மா இருந்திருந்தா எனக்கு அடிதான்" எண்டு சிரிச்சுக்கொண்டு பெட்டியை எடுத்து உள்ள வைச்சா.

அந்த வருசங்களில எத்தினை கடிதம் வந்திது… ஒவ்வொரு சாவுக்கும் மடாம் மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்தா. எல்லாம் பட்டர் பை.

போன வருசம் பார்க்கப் போனனான். மடாமுக்கு ஞாபகமெல்லாம் தப்பியிட்டுது. என்னைக் கண்டோடனை கேட்டா, "மேல ஆர் செத்தது?"

செல்வராசா, நீ கனடாவில இருந்து இதைப் பார்ப்பாய். அண்டைக்கு நீ சாப்பிட்டதில பன்றிக்கொழுப்பு இருந்ததடா. அடுத்த நாள் தெரிஞ்சும் மறைச்சது நான். ஏசிறதெண்டா எனக்குப் போன் எடுத்து ஏசு. அந்த மனிசிக்கு ஒண்டும் தெரியாது.

வியாழக்கிழமை அடக்கம். நான் போறன்.

ஆறுதலாப் படுங்கோ மடாம்…