வாளுறையின் பின்பக்கம்

மனைவியின் தம்பி, என் மச்சான், மன்னாரிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்திருந்தார். பழைய கெல்டிக் மக்களின் ஆயுத அலங்காரங்களை ஒஸ்லோ நகர நடுவிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் வைத்திருப்பதாக அறிந்து, சனிக்கிழமை கூட்டிப்போனேன். உண்மையைச் சொன்னால், வாளைவிட என்னைக் காட்டுவதுதான் நோக்கம். லீவு நாளிலும் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

எங்கள் வீட்டுப் பக்கம் ஸ்டோவ்னரில் காலை 10.20க்குச் சுரங்க ரயில். அரை மணி நேரப் பயணம், சீட்டு 44 குரோனர், இறங்கி ஐந்து நிமிட நடை. நுழைவு 140. ஜாக்கெட்டைப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள், உள்ளே வெக்கை.

வாள்கள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. மிஞ்சியவை உறையின் வெண்கல வாய்த்தகடும் நுனிக்கவசமும்தான். கொடி கொடியாகச் செதுக்கல், இடையிடையே சிவப்புப் பவளம். சண்டைக்கு அந்தச் செதுக்கல் எதற்கு? நான் யார் தெரியுமா என்று ஊருக்குச் சொல்லத்தான். பெட்டியைச் சுற்றிப் போய்ப் பார்த்தால், உடம்போடு ஒட்டும் பின்பக்கம் வெறும் மொட்டைத் தகடு. மச்சானும் நானும் சிரித்தோம்.

அப்போது பின்னால் ஒரு குரல்.

"அண்ணை! லீவு நாளிலையும் கழுத்திலை கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டே வந்தனியள்?"

யூட், துடைப்ப வண்டியோடு நின்றான். நான் ஒஸ்லோ வந்த புதிதில் துப்புரவு வேலை எடுத்துத் தந்து, நாலு வருடம் என்னோடு நிலம் துடைத்தவன். அந்த நாலு வருடத்தை ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. வந்த நாள் முதல் மேசை வேலை, கந்தோர் உத்தியோகம் என்றே அளந்துவைத்திருந்தேன்.

"ஆர் அத்தான், தெரிஞ்ச ஆளோ?" என்றார் மச்சான்.

"இல்லை. வேற ஆரோ எண்டு நினைச்சுக் கதைக்கிறார் போல."

யூட்டுக்குக் கேட்டுவிட்டது. ஈரத் தரையில் நின்ற மஞ்சள் பலகையை நகர்த்தி வழிவிட்டு, "வேர் சோ கூ" என்றான். தாராளமாகப் போங்கள் என்று, முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லும் நோர்வேஜியம். இத்தனை வருடத்தில் அவன் என்னோடு தமிழில் தவிரக் கதைத்ததேயில்லை. கூனிக் குறுகிப் போனேன். ஏறின ஏணியை எட்டி உதைப்பவர்களைப் பற்றி நானே எவ்வளவு நையாண்டி பண்ணியிருப்பேன்!

வெளியே வந்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். யூட்டுக்கு மூன்று தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மச்சானிடமும் வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் விமானம் ஏறிவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: பதினொரு மணிக்குக் கூட்டம் குறைவு. ஒன்றரை மணி நேரம் போதும். பின்பக்கத்தைப் பார்க்காமல் வராதீர்கள்.

மச்சான், என் பதிவுகளை நீர் ஒன்றும் விடாமல் வாசிப்பீர் என்று தெரியும். அவர் யார் என்று கேட்டீர். அவன் பெயர் யூட். நாலு வருடம் நானும் அவனும் ஒரே வாளியில் துடைப்பம் நனைத்தவர்கள்.