பேச்சு உதவாத பிற்பகல்

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் மனநல ஆலோசகராக இருந்தேன். இரண்டு பிரம்பு நாற்காலிகள், ஒரு மண்பானை. கீழே பாட்டு வகுப்பு. மேலே யாராவது அழும் நேரம் பார்த்துக் கீழே சரளிவரிசை தொடங்கும். அழுதவரே சிரித்துவிடுவார். அந்த அறையை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

செவ்வாய்தோறும் ஒரு கணக்கு டீச்சர் வருவார். அம்மா இறந்தபின் ஒடிந்துபோனவர். காத்திருக்கும் நேரத்தில் விடைத்தாள் திருத்துவார். பேசப் பேசத் தேறிவந்தார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சொல்லாமல் வந்து நின்றார். காலில் செருப்பில்லை.

"மிஸ், எல்லாக் கணக்குக்கும் விடை வந்துடுச்சு. பஸ் நம்பரெல்லாம் எங்கிட்ட பேசுது."

நான்கு நாளாகத் தூக்கமில்லையாம். "என்ன சொல்லுது?" என்று, படித்த முறைப்படி கேட்டேன். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் பேச்சு வேகம் பிடித்தது. திடீரென எழுந்து படியிறங்கி, வண்டிகளுக்கு நடுவே நேராக நடந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். ஓர் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது.

அப்போதும் நான், "வாங்க, மேல போய்ப் பேசலாம்" என்றேன்.

ஆட்டோக்காரர் இறங்கினார். "இன்னா மேடம், இன்னும் பேசிக்கினு கீறீங்க? அவங்க கண்ணப் பாருங்க. எங்க அண்ணனுக்கும் இப்டித்தான் ஆச்சு. ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

வழியெல்லாம் டீச்சரின் கையை நான் விடவில்லை. கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தேன். மருத்துவர் ஊசி போட்டார். "மொதல்ல தூங்கட்டும். பேச்செல்லாம் அப்புறம்" என்றார். டெலிபோன் பூத்திலிருந்து டீச்சரின் கணவருக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தை வீணாக்கிவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

டீச்சர் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். மழைக்காலம் தொடங்கியபோது, மாத்திரையால் சற்றே உப்பிய முகத்தோடு மறுபடி படியேறி வந்தார்.

"அன்னிக்கு நீங்க கேட்டது ஒண்ணும் ஞாபகமில்ல மிஸ். இப்போ கேளுங்க, சொல்றேன்."

அம்மாவைப் பற்றி அன்றுதான் முழுதாகப் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.